அப்கிரேட் பண்ணவா, துடைத்துவிட்டுப் போடவா, அப்படியே விடவா?

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்பு ஓடும் கணினியில் "புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்கிரேட் செய்யவா?" என்ற பெட்டி எட்டிப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். யோசிக்காமல் சரி என்று அழுத்துவார்கள், இல்லையென்றால் பயந்துபோய் வருடக்கணக்கில் அந்தப் பெட்டியை மூடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டுமே சில நேரங்களில் சரிதான், எது எப்போது சரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என்னிடம் யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இடிசி, அதற்குள் ஏபிடி, அதற்குள் சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி. இத்தனை நாளாக நீங்கள் வெளியிலிருந்து சேர்த்த ரெப்போ (மென்பொருளை இறக்கிக்கொள்ளும் இணையக் கிடங்கு), பிபிஏ (தனிநபர்களும் குழுக்களும் உபுண்டுவுக்காக நடத்தும் கிடங்கு) எல்லாம் தனித்தனிக் கோப்பாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் ஒரு பதில், கை விரல்கள் போதாத அளவுக்கு இருந்தால் வேறு பதில். அப்கிரேட் கெடுவது உபுண்டுவாலா, அதற்கு அடித்தளமான டெபியனாலா என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் நாம் மேலே ஏற்றி வைத்ததால்தான் கெடுகிறது.

கீழே சொல்வதெல்லாம் சர்வர் நடத்துகிறவர்களுக்கு இல்லை. பிரவுசர், ஆவணங்கள், படங்கள், கொஞ்சம் நிரல், எப்போதாவது ஒரு பிரின்ட் என்று வேலை செய்கிற சாதாரண ஆளுக்கு.

அப்படியே விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. அப்படியானால் 22.04-க்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும், ஒரு பைசா செலவில்லாமல். அது போதாது என்றால் உபுண்டு புரோ என்ற சந்தா இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு 5 கணினிகள் வரை இலவசம், ஆதரவு மொத்தம் 10 ஆண்டுகளாக நீளும். 

முன்பெல்லாம் பழைய பதிப்பில் தங்கினால் பிரவுசரிலிருந்து எல்லாமே பழசாகிவிடும். இப்போது நிலைமை வேறு. 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், தனக்குத் தேவையானதைத் தானே சுமந்துவரும் ஸ்னாப் என்ற பொட்டலமாகத்தான் வருகிறது, அடியில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பார்க்காமல் அது பாட்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். லிப்ரே ஆபீஸ், கிம்ப் போன்றவற்றுக்குப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் அதே மாதிரியான பிளாட்பேக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்னாப்பைத் திட்டுவது லினக்ஸ் உலகத்தில் ஒரு பொழுதுபோக்கு, நானும் திட்டியிருக்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சிஸ்டத்தின் மையமான கெர்னலும் அப்படித்தான். 22.04 முதலில் 5.15 கெர்னலோடு வந்தது. டெஸ்க்டாப்பில் பிறகு 6.8 வரை அதுவே ஏறிக்கொண்டது.

தங்கக் கூடாதவர்கள் யார்? நடுவில் வரும் பதிப்புகளில் இருப்பவர்கள். 23.10, 24.10 மாதிரி எல்டிஎஸ் அல்லாதவற்றுக்கு 9 மாதம்தான் ஆயுள். அது முடிந்து கொஞ்ச நாளில் அந்த ரெப்போவை வழக்கமான இடத்திலிருந்து எடுத்துப் பழையவற்றுக்கென்று இருக்கும் சர்வரில் போட்டுவிடுவார்கள். ஒருநாள் அப்டேட் கொடுத்தால் வரிசையாக 404 (கோப்பு இல்லை) என்ற பிழை வரும். அதுவரை தள்ளிப்போட்டவர்களுக்கு அங்கிருந்து மேலே ஏறுவதே தனி வேலை. அப்புறம், இன்னொன்று. எல்டிஎஸ் ஒன்றிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்குத்தான் படி உண்டு, ஒன்றைத் தாண்டி நேரே குதிக்க வழியில்லை. 20.04-இல் இருப்பவர் 24.04-க்குப் போக நடுவில் 22.04-ஐத் தொட்டே ஆக வேண்டும். இரண்டு அப்கிரேட் அடுத்தடுத்துச் செய்வதைவிட அப்போது புதிதாகவே போட்டுவிடலாம்.

இருந்த இடத்திலேயே அப்கிரேட்

ஆட்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான், அநியாயமாகப் புகழ்வதும் இதைத்தான். முதலில் நேரம். எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்கான அழைப்பு, பதிப்பு வெளியான அன்றே வராது, முதல் புள்ளி வெளியீடு (திருத்தங்களைச் சேர்த்த மறுவெளியீடு) வந்த பிறகுதான் வரும். 24.04 வந்தது ஏப்ரல் 2024-இல், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசியில். அப்போதும்கூட அப்கிரேட் கருவியில் ஒரு பிழை தெரியவந்து, சரிசெய்யும் வரை அழைப்பை நிறுத்தி வைத்தார்கள். கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்தால் காத்திராமல் ஏப்ரலிலேயே போகலாம் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருப்பார்கள். போகலாம்தான், ஆனால் அந்த நான்கு மாதத்தில் அடிபட வேறு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், நாம் ஏன் முந்த வேண்டும்?

கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். வெளி ரெப்போக்களையெல்லாம் முதலில் முடக்கிவிடும். பிறகு சில ஜிபி பேக்கேஜ்களை இறக்கும். அது வரைக்கும் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகுதான் நிறுத்தக் கூடாத கட்டம், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பாகங்களையே ஒவ்வொன்றாக மாற்றுகிறது. அந்த நேரத்தில் பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு எழுந்து போய்விடலாம், ஆனால் ரொம்ப தூரம் போக வேண்டாம், நடுநடுவே கேள்வி கேட்கும்.

அந்தக் கேள்விகளில்தான் பலர் திணறுகிறார்கள். ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, இது நிறுவியதிலிருந்து மாற்றப்பட்டிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கும். ஒய் அல்லது ஐ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் புதிய கோப்பு வரும், என் அல்லது ஓ என்ற எழுத்தைத் தட்டினால் பழையது நிற்கும், டி தட்டினால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். ஒன்றும் சொல்லாமல் எண்டர் தட்டினால் பழையதுதான் நிற்கும். எல்லாவற்றுக்கும் எண்டர் தட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பெரிய கேடு உடனே வராது, ஆனால் புதிய நிரலும் பழைய அமைப்புக் கோப்புமாகக் கூட்டுக்குடித்தனம் ஆரம்பிக்கும். நான் எப்போதும் டி தட்டிப் பார்ப்பேன். அந்த மாற்றம் நான் கைப்பட எழுதியது என்று தெரிந்தால், சாம்பா வழியான நெட்வொர்க் கோப்புப் பகிர்வு மாதிரி ஏதாவது, பழையதை வைத்துக்கொள்வேன். எதற்கு என்றே தெரியாத மாற்றம் என்றால் அதை எப்போதோ ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் செய்திருக்கும், புதியதை எடுத்துக்கொள்வேன்.

தொடங்கும் முன்பே முட்டுவது பூட் பார்ட்டிஷன், அதாவது கணினி எழும்போது தேவைப்படும் கோப்புகளுக்கான டிஸ்க் பகுதி. நிறுவும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் பூட்டுக்கு என்று சின்னதாகத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கும், சில ஆண்டுகளில் பழைய கெர்னல்கள் அதில் நெருக்கிக்கொண்டு நிற்கும். இடம் போதாது என்று கருவி கையை விரித்துவிடும். பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஏபிடி கருவியில் ஆட்டோரிமூவ் கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தொடங்கிய பிறகு பாதியில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

22.04-லிருந்து 24.04-க்குப் போகும்போது என்னென்ன உடையும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம், அதனால்தான் இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல் 42-லிருந்து 46-க்குத் தாவுகிறது. இடையில் 45-இல் அதற்கான கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்கள் எழுதப்படும் முறையையே மாற்றிவிட்டார்கள், ஆகவே அதற்கு முன் எழுதிய எதுவும் அப்படியே ஓடாது. நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷனை யாராவது திருத்தி எழுதியிருக்கிறார்களா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பைத்தான் 3.10-லிருந்து 3.12-க்குப் போகிறது. பழைய வென்வ் (ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) எல்லாம் செத்துவிடும், அழித்துத் திரும்ப உருவாக்குவதைத் தவிர வழியில்லை. பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு சிஸ்டம் பைத்தானில் நேரடியாக எதையும் நிறுவவும் இனி விடாது, வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் இது என்று பிழை காட்டும். திட்டிக்கொண்டே வென்வ் பழகிக்கொள்ளுங்கள், நல்லதுக்குத்தான். ஒலிக்குப் பல்ஸ் ஆடியோ போய் பைப்வயர் வருகிறது, என் கணினிகளில் அது சத்தமில்லாமல் நடந்துவிட்டது. அதாவது, சத்தம் வந்தது.

உண்மையில் நின்று யோசிக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டும் பிரின்டரும். என்விடியாவின் ஃபெர்மி காலத்துக் கார்டுகளுக்கு 390 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கான ஆதரவு 2022-ஓடு முடிந்துவிட்டது. அந்த மாதிரி கார்டு வைத்திருப்பவர்கள் திறந்தமூல டிரைவரான நூவோவுக்கு மாறத் தயாராக இருந்தால் மட்டும் மேலே போகட்டும், இல்லையென்றால் 2027 வரை 22.04-இலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். பிரின்டர் கதை எனக்கே நடந்தது. கம்பெனி கொடுத்த டிரைவர் ஒரு குறிப்பிட்ட பழைய நூலகத்தைக் கேட்டது, அப்கிரேட் அந்த நூலகத்தைத் தூக்கியெறிந்தது, கம்பெனியோ புதிதாக எதுவும் வெளியிடுகிற மாதிரி தெரியவில்லை. டிரைவரே தேவைப்படாத பொதுவான ஐபிபி முறையில் அந்த பிரின்டர் வேலை செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் பிரின்டர் கடந்த பத்தாண்டில் வாங்கிய, வைஃபை உள்ள ஒன்று என்றால் அநேகமாக இதே வழி உங்களுக்கும் கிடைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்கிரேட் முடிந்து விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 காணவில்லை என்றால் பதற வேண்டாம், தட்டச்சு உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்ஸுக்கான எம்17என் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவிவிட்டு, வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால் பட்டியலில் நிற்கும்.

பாதியில் மின்சாரம் போனால்? உலகம் முடிந்துவிடாது. ரெக்கவரி மோடில் போய், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி-யிடம் மிச்சமிருக்கும் கன்ஃபிகர் வேலையை முடிக்கச் சொல்லி, பிறகு ஏபிடி-யிடம் உடைந்ததைச் சரிசெய்யச் சொன்னால் பெரும்பாலும் எழுந்துவிடும். இருந்தாலும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து சிஸ்டத்தின் நகல்) எடுக்காமல் நான் தொடங்குவதில்லை. ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது சிஸ்டத்தைத்தான். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை அது இயல்பாகத் தொடாது. படங்களும் ஆவணங்களும் தனியாக வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

துடைத்துவிட்டுப் புதிதாக

"சுத்தமாகப் போட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்பார்கள். பொய் இல்லை, பாதி உண்மை. நிறுவுவது என்னவோ அரைமணி நேர வேலை. 6 ஜிபியை ஒட்டிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு, ஒரு 8 ஜிபி பென் டிரைவ், நாலு கேள்விக்குப் பதில், முடிந்தது. பழைய சிஸ்டத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று ஞாபகப்படுத்துவதில்தான் அடுத்த இரண்டு வாரம் போகும். துடைப்பதற்கு முன் ஏபிடி-மார்க் கருவியிடம் நீங்களாக நிறுவியவற்றின் பட்டியலைக் கேட்டு ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொண்டால் அதில் பெரும்பகுதி தீரும்.

ஹோம் தனி பார்ட்டிஷனில் இருந்தால் இந்த வழி ரொம்பச் சுலபம். கைமுறைப் பார்ட்டிஷன் பக்கத்தில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, மவுண்ட் பாயின்ட் ஹோம் என்று கொடுத்து, ஃபார்மட் என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே ஒரு டிக்கில்தான் உங்கள் பத்து வருடப் படங்கள் தொங்குகின்றன, ஆகவே பேக்கப் இல்லாமல் அந்தப் பக்கத்துக்கே போகாதீர்கள். பயனர் பெயரையும் பழையதையே கொடுங்கள்.

ஹோமைக் காப்பாற்றிவிட்டால் எல்லாம் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அடி விழும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஹோமில் இல்லை, வார்-லிப் என்ற சிஸ்டம் கோப்புறைக்குள் இருக்கிறது. விர்ச்சுவல் மெஷின் மேனேஜரில் உருவாக்கிய டிஸ்க்குகளும் அங்கேதான். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேப் வார்-ஸ்பூல்-க்குள். பிளாட்பேக் செயலிகள் வழக்கமாக வார்-லிப்-க்குள், அவற்றின் தரவு மட்டும் ஹோமில் டாட்-வார் என்ற மறைந்த கோப்புறையில். ஹோமுக்குள்ளேயே ஒரு பொறியும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக இருந்தால் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் டாட்-மொசில்லாவில் இருக்காது, ஸ்னாப் என்ற கோப்புறைக்குள் ஃபயர்ஃபாக்ஸ், அதற்குள் காமன் என்று போய்த் தேட வேண்டும். பழைய பழக்கத்தில் டாட்-மொசில்லாவை மட்டும் நகலெடுத்து வைத்தால் கையில் மிஞ்சுவது காலி பிரவுசர். இன்னொரு சின்ன அதிர்ச்சி, 24.04-ஐ இயல்பான தேர்வோடு நிறுவினால் லிப்ரே ஆபீஸ் வராது. விரிவான தேர்வு என்பதைச் சொடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில பேருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். அந்த ரெப்போ கோப்புறை பிதுங்கி வழிகிறவர்களுக்கு. 16.04-இல் போட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தவர்களுக்கு. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை அந்தக் காலத்தில் 20 ஜிபி என்று கஞ்சத்தனமாக ஒதுக்கி இப்போது ஸ்னாப்பும் பிளாட்பேக்கும் சேர்ந்து மூச்சு முட்டுகிறவர்களுக்கு.

இந்தச் சாக்கில் வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)?

துடைப்பதுதான் முடிவு என்றால் இந்தக் கேள்வி வரும், வரட்டும். அப்கிரேட் எப்படி நடக்கிறது என்ற ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கிறேன், மற்ற அழகையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

லினக்ஸ் மின்ட் அடியில் உபுண்டு எல்டிஎஸ்தான். மின்ட் 21 என்றால் 22.04, மின்ட் 22 என்றால் 24.04. ஒரே வரிசைக்குள் 21.1-லிருந்து 21.3 வரை போவது அப்டேட் மேனேஜரில் ஒரு மெனு, நீங்கள் கவனிக்காமலே முடிந்துவிடும். வரிசை மாறும்போதுதான் தனிக் கருவி வேண்டும், அது டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட் இல்லாமல் உங்களை மேலே நகர விடாது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. உபுண்டுவும் இதைக் கட்டாயமாக்கியிருக்கலாம்.

டெபியனில் பொத்தானே கிடையாது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து, சோர்சஸ் கோப்பில் புக்வோர்ம் (டெபியன் 12) என்று இருப்பதை ட்ரிக்ஸி (டெபியன் 13) என்று மாற்றி, டெர்மினலில் ஏற்ற வேண்டும். கேட்க மிரட்டலாக இருந்தாலும், குறிப்புகளைப் படிக்கிற பழக்கம் இருந்தால் என் பார்வையில் மிக ஒழுங்காக நடக்கிற அப்கிரேட் இதுதான். டெபியன் 12 வந்தது ஜூன் 2023-இல், 13 ஆகஸ்ட் 2025-இல், அவசரமே இல்லாத வேகம். படிக்கப் பொறுமை இல்லையென்றால் மின்ட்.

ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு 13 மாதம் மட்டுமே ஆயுள், ஆகவே வருடம் ஒருமுறையாவது ஏற்றியே தீர வேண்டும். ஆனால் அது ஏற்றுகிற முறை உபுண்டுவைவிட நாகரிகமானது. எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டு, ரீபூட் ஆகி, வேறெதுவும் ஓடாத நிலையில் மாற்றிவிட்டுத் திரும்ப எழும். ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பின் காலடியில் தரையை உருவுவதில்லை. ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கவும் அனுமதி உண்டு. வீடியோ கோடெக்குகளுக்காக ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி ரெப்போவைச் சேர்த்திருப்பீர்கள், அதனால் புதுப் பதிப்பு வந்ததும் சில வாரம் பொறுத்துப் போங்கள்.

அப்கிரேட் என்ற சடங்கே வேண்டாம் என்று, தனித்தனிப் பதிப்புகள் இல்லாமல் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ரோலிங் டிஸ்ட்ரோக்கள் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். சடங்கு போகாது, தினம் தினம் கொஞ்சமாக நடக்கும். ஆகஸ்ட் 2022-இல் ஆர்ச் என்ற ரோலிங் டிஸ்ட்ரோவில், கணினியை எழுப்பும் கிரப்புக்கு வந்த ஒரு அப்டேட் பலருடைய கணினிகளைப் பூட் ஆகாமல் செய்தது, அன்று லைவ் பென் டிரைவ் வைத்து மீட்கத் தெரிந்தவர்கள்தான் தப்பித்தார்கள். ஓப்பன்சூசே டம்பிள்வீட் இதில் பரவாயில்லை, பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்டைப் பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுத்து முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆசை இருந்தால் அங்கே தொடங்குங்கள். சும்மா வேலை நடந்தால் போதும் என்பவர்களுக்கு ரோலிங் வேண்டாம்.

சரி, யாருக்கு எது?

22.04, கையில் ஒன்றிரண்டு பிபிஏ, பழைய கார்டு எதுவும் இல்லை என்றால் இருந்த இடத்திலேயே ஏற்றுங்கள். ஏற்றும் முன் அந்தப் பிபிஏக்களை முடக்கினால் மட்டும் போதாது. அவற்றிலிருந்து வந்த பேக்கேஜ்களை பிபிஏ-பர்ஜ் கொண்டு உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கிவிடுங்கள். கருவி ரெப்போவைத்தான் முடக்கும், ஏற்கெனவே நிறுவியதைத் தொடாது, அந்தப் பேக்கேஜ்களின் பதிப்பு எண் புதிய உபுண்டுவில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் சிக்கல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பிபிஏ குவிந்திருந்தால், அல்லது இரண்டு பதிப்பு பின்தங்கியிருந்தால், புதிதாகப் போடுங்கள். போடும்போது ஹோமுக்குத் தனி பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள், அடுத்த முறை இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, புதிதாக எதுவும் வேண்டாம், வேலைக்குக் கெடு நெருங்குகிறது என்றால் தொடாதீர்கள். என் மேசைக் கணினியை 24.04-க்கு ஏற்றிவிட்டேன். அம்மா உபயோகிக்கும் லேப்டாப்பில் மின்ட் 21 இருக்கிறது, அதற்கும் 2027 வரை ஆதரவு இருக்கிறது, அவரோ பிரவுசரையும் படங்களையும் தவிர வேறெதையும் திறப்பதில்லை. அதில் அப்டேட் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.